சோதனைக்கு உட்பட்டவருக்கு என்ன உரிமை? உளவியல் மதிப்பீடுகள் குறித்து ஒரு விவாதம்

திண்ணைவாசி எழுதியது:

உளவியல் சோதனைகளின் வரலாற்றைக் கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சோதனையை வெளியிடும் நிறுவனத்துக்குப் பதிப்புரிமை இருக்கிறது. அதை நடத்துபவருக்குத் தொழில் நெறிமுறை இருக்கிறது. முடிவைக் கேட்டு வாங்கும் பள்ளிக்கும் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இருக்கிறது. எதிரே உட்கார்ந்து பதில் சொன்னவருக்கு என்ன இருக்கிறது என்று தேடினால் கிடைப்பது மிகக் குறைவு. அதைப் பற்றி இங்கே பேசலாமா?

தொடக்கம் நல்ல நோக்கத்தோடுதான் நடந்தது. வழக்கமான வகுப்பில் தொடர முடியாத குழந்தைகளுக்கு என்ன செய்யலாம் என்று ஆராய 1904இல் பிரான்ஸ் அரசு ஒரு குழு அமைத்தது. அதில் இருந்த உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோனோடு சேர்ந்து 1905இல் அறிவை அளக்க 30 பணிகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். ஒரு குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் ‘மந்தம்’ என்று முடிவுகட்டும் வழக்கத்துக்கு அது ஒரு மாற்று. அறிவு பிறவியிலேயே நிர்ணயமாகிவிட்டது, அது வளரவே வளராது என்று சொன்னவர்களை 1909இல் பினே கடுமையாகக் கண்டித்து எழுதினார். பின்தங்கிய குழந்தைகளின் கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்க்கப் பயிற்சிகளும் வகுத்தார். 1911இல் இறந்துவிட்டார்.

அவர் அஞ்சியதுதான் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நடந்தது. ஹென்றி கோடார்ட் 1908இல் அந்த அளவுகோலை நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோனார். 1916இல் லூயிஸ் டெர்மன் அதை விரிவாக்கி ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனையாக வெளியிட்டார். 1924இல் வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண்ணை ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று ஒரு காப்பகத்தில் அடைத்தார்கள். வளர்ப்புக் குடும்பத்தின் உறவினர் ஒருவரால் வன்புணர்வுக்கு ஆளாகிக் கர்ப்பமானதுதான் உண்மையான காரணம். அவருடைய தாய் எம்மா ஏற்கெனவே அங்கே இருந்தார். மகளின் மன வயது, அதாவது எந்த வயதுக் குழந்தையின் சராசரித் திறனுக்கு நிகர் என்ற கணக்கு, 9, தாயின் மன வயது 8க்குச் சற்றுக் குறைவு என்று சோதனை சொன்னது. கேரியின் கைக்குழந்தை விவியனை ஒரு சமூகப் பணியாளர் பார்த்துவிட்டு ‘ஏதோ சரியில்லை’ என்றார். மூன்று தலைமுறைக்கும் சாட்சி தயார். 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதி கொடுத்தது. ‘மூன்று தலைமுறை மூடர்கள் போதும்’ என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதிய வரி அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது.

அந்த மன வயதுகளை எதிர்த்து ஒரு சொல் சொல்லக் கேரியின் பக்கம் யாரும் இல்லை. அவருக்காக அமர்த்தப்பட்ட வழக்கறிஞரே அந்தக் காப்பகத்தின் நிர்வாகக் குழுவில் முன்பு இருந்தவர். தன் தரப்பில் ஒரு சாட்சியைக்கூட அவர் அழைக்கவில்லை. விவியன் பள்ளிக்குப் போனாள், 1931இல் நன்றாகப் படிப்பவர்கள் பட்டியலில் இடம்பெற்றாள், மறு வருடம் எட்டு வயதில் நோயால் இறந்தாள். கேரியின் தங்கை டோரிஸுக்கும் அங்கே கருத்தடை செய்தார்கள். குடல்வால் அறுவை என்றுதான் அவரிடம் சொன்னார்கள். தனக்கு ஏன் குழந்தை பிறக்கவில்லை என்பது அரை நூற்றாண்டு கழித்துத்தான் டோரிஸுக்குத் தெரியவந்தது.

என் கேள்வி இதுதான். ஒருவர் வாழ்க்கையை மாற்றும் எண்ணை, அந்த எண் எப்படி வந்தது என்று அவரே பார்த்துக் கேள்வி கேட்கும் வழி இல்லாமல் பயன்படுத்துவது சரியா?

தெளிநீர் எழுதியது:

மருத்துவ உளவியலாளராக வேலை செய்கிறேன். கேரி பக் வழக்கைப் படிக்காமல் யாரும் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்பது என் எண்ணம்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சோதனை வேறு, மதிப்பீடு வேறு. சோதனை ஒரு மதிப்பெண்ணைத் தரும். மதிப்பீடு என்பது அந்த மதிப்பெண்ணோடு, பிள்ளையின் வளர்ச்சி வரலாறு, செவி, கண் பரிசோதனை, வகுப்பறையில் நேரில் கவனித்தது, பெற்றோர் சொன்னது எல்லாவற்றையும் வைத்து ஒருவர் பொறுப்பேற்று எழுதும் முடிவு. வர்ஜீனியாவில் நடந்தது மதிப்பீடே இல்லை. முடிவை முதலில் எடுத்துவிட்டு எண்ணைத் தேடிப் பிடித்தார்கள்.

கேள்விகளை எல்லோருக்கும் காட்டலாமா என்றால், நான் தயங்குவேன். ஒரு நுண்ணறிவுச் சோதனையின் பலமே, ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் கேள்விகளை முதல்முறையாகப் பார்த்துப் பதில் சொன்னபோது கிடைத்த ஒப்பீட்டுத் தரவுதான். கேள்விகள் வெளியே வந்துவிட்டால் அந்தத் தரவு செத்துப்போகும். பாதிப்பு நிறுவனத்துக்கு மட்டுமில்லை, அடுத்து வரும் குழந்தைக்கும்தான். தலையில் அடிபட்ட ஒருவரின் நினைவாற்றல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கும்போது, அவர் சொற்பட்டியலை இணையத்தில் முன்பே படித்திருந்தால் அவருக்கு வேண்டிய சிகிச்சை கிடைக்காமல் போகலாம். மைக்கறையில் என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனையின் பத்து அட்டைகளும் 2009இல் விக்கிப்பீடியாவில் ஏறியபோது எங்கள் துறையில் எழுந்த எதிர்ப்புக்கு இதுதான் காரணம்.

பழையஏடு எழுதியது:

தெளிநீர், உங்கள் கவலை நியாயமானது. ஆனால் வரலாறு வேறு ஒன்றையும் காட்டுகிறது: கேள்விகள் வெளியே வந்த பிறகுதான் தவறுகள் பிடிபட்டன.

முதல் உலகப் போரின்போது உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சோதனை நடத்தினார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபா, தெரியாதவர்களுக்குப் படங்களால் ஆன பீட்டா. ஆல்ஃபாவில் ஒரு கேள்வி: கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப்பொருளா? அது அன்றைய அமெரிக்காவில் விற்ற ஒரு சமையல் கொழுப்பின் வணிகப் பெயர். பீட்டாவில் வலை இல்லாத டென்னிஸ் மைதானத்தைக் காட்டி என்ன குறைகிறது என்று கேட்டார்கள். இத்தாலியக் கிராமத்திலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியவருக்கு டென்னிஸ் எங்கே தெரியும்?

முடிவு எப்படி வந்தது தெரியுமா? சராசரி வெள்ளை அமெரிக்க வீரரின் மன வயது 13 சொச்சம் என்று. கார்ல் பிரிகம் 1923இல் இந்தத் தரவை வைத்து, தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று ஒரு புத்தகமே எழுதினார். யெர்க்ஸின் அறிக்கை 1921இல் அச்சில் வந்திருந்தது. 1922இல் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் ஒரு தொடர் எழுதி, சராசரி மனிதரின் அறிவு சராசரி மனிதரின் அறிவைவிடக் குறைவாக எப்படி இருக்க முடியும் என்று கேட்டார். டெர்மனுக்குக் கோபம்தான் வந்தது, நேரான பதில் வரவில்லை. 1930இல் பிரிகம் தன் ஒப்பீடுகளுக்கு அடிப்படையே இல்லை என்று தானே எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் நாடுகளுக்கு ஒதுக்கீடு வைத்த குடிவரவுச் சட்டம் 1924இலேயே நிறைவேறிவிட்டது.

உளவியலாளர் அல்லாத ஒருவர் கேள்வி கேட்க முடிந்தது, எல்லாம் அச்சில் இருந்ததால்தான்.

நேர்கோடு எழுதியது:

நான் புள்ளியியல் கற்பிப்பவன். கேள்விகளைக் காட்டுவதா இல்லையா என்பதற்கு முன்னால், மதிப்பெண்ணை எப்படிச் சொல்கிறோம் என்பதிலேயே பெரிய அநியாயம் நடக்கிறது.

இன்றைய நுண்ணறிவுச் சோதனைகளில் சராசரி 100, திட்ட விலகல் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 15. நம்பகத்தன்மை, அதாவது மறுபடி அளந்தாலும் அதே முடிவு வரும் அளவு (முழுமை என்றால் 1), 0.95 என்று வைத்துக்கொள்வோம், அது மிக நல்ல சோதனைக்கே கிடைக்கும் அளவு. அப்போதும் அளவீட்டின் திட்டப் பிழை, அதாவது மதிப்பெண் தற்செயலாகத் தள்ளாடும் அளவு, சுமார் 3.35 புள்ளி. 95 விழுக்காடு உறுதி வேண்டுமென்றால் இருபுறமும் ஆறரைப் புள்ளி விட வேண்டும். ஆக, 72 என்று அறிக்கையில் இருந்தால் தோராயமாக 65க்கும் 79க்கும் நடுவில் எங்கோ என்றுதான் பொருள். அந்த வீச்சைச் சொல்லாமல் 72 என்று மட்டும் எழுதிக் கொடுப்பது பாதி உண்மை.

இது ஒருவரின் உயிர்ப் பிரச்சினையாகவே ஆனது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னது. ஃபுளோரிடா மாநிலமோ மதிப்பெண் 70க்கு மேல் இருந்தால் வேறு எந்தச் சான்றையும் பார்க்கவே மாட்டேன் என்றது. ஃப்ரெடி ஹால் என்பவருக்கு 71 முதல் 80 வரை மதிப்பெண்கள் வந்திருந்தன. 2014இல் 5க்கு 4 என்ற கணக்கில் நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. அளவீட்டுப் பிழை என்பது சோதனையை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்ட விஷயம், அதைச் சட்டம் மட்டும் எப்படி மறுக்கலாம் என்பதுதான் வாதத்தின் சாரம். ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தால் 71க்கும் 70க்கும் இடையிலான அந்த ஒரு புள்ளி சாவுக்கும் வாழ்வுக்கும் எல்லையாக நின்றிருக்கும்.

முல்லைக்கொடி எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகனுக்குப் பள்ளி சொல்லி ஒரு சோதனை நடந்தது. கையில் கொடுத்தது ஒரே தாள். ஒரு எண், அதற்குக் கீழே ‘எல்லைநிலை’ என்று ஒரு சொல். அது எந்தச் சோதனை என்றுகூட எழுதவில்லை. வீட்டில் அவன் பேசும் மொழி வேறு, சோதனை நடத்தியவர் பேசிய மொழி வேறு. இந்தத் தாளை வைத்துத்தான் அவன் எந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கப் போகிறார்கள். நான் யாரிடம் என்ன கேட்க வேண்டும்? கேட்டால் பிள்ளைக்கு ஏதாவது பாதகம் வருமா?

நாடோடி எழுதியது:

மொழி மட்டும் இல்லை சகோதரி, சோதனை என்ற சூழலே எல்லாருக்கும் பழக்கமானது இல்லை.

1931, 32இல் சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா உஸ்பெகிஸ்தானில் எழுத்தறிவு இல்லாத உழவர்களிடம் கேட்டார்: பனி பெய்யும் தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவாயா ஸெம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? நான் அங்கே போனதில்லை, பார்க்காததைப் பற்றி எப்படிச் சொல்வது என்ற மாதிரிப் பதில்கள் வந்தன. சோதனைத்தாளில் அது தவறு. தெரியாததைப் பற்றிப் பேசாத மனிதரின் நேர்மை என்றும் அதைப் படிக்கலாம் அல்லவா?

எனக்கு இன்னும் பிடித்தது லைபீரியாவின் க்பெல்லே மக்களிடம் மைக்கேல் கோலும் சகாக்களும் செய்த ஆய்வு. இருபது பொருட்களைக் கொடுத்து, ஒன்றோடொன்று சேர்வதை வகைப்படுத்தச் சொன்னார்கள். கத்தியை ஆரஞ்சோடு வைத்தார்கள், உருளைக்கிழங்கை மண்வெட்டியோடு வைத்தார்கள். ஏன் என்று கேட்டால், விவேகமுள்ளவர் இப்படித்தான் வைப்பார் என்றார்கள். பிறகு ஆய்வாளர், முட்டாள் ஒருவன் எப்படி வைப்பான் என்று கேட்டார். உடனே உணவுப்பொருட்கள் ஒரு குவியல், கருவிகள் ஒரு குவியல் என்று கச்சிதமாகப் பிரித்துக் காட்டினார்கள். அதாவது சோதனை எதிர்பார்த்த விடை அவர்களிடம் இருந்தது. அதைக் கேட்ட விதம்தான் சரியில்லை.

ஆளுமைச் சோதனைகளிலும் இதே கதை. எம்.எம்.பி.ஐ. என்ற மினசோட்டா ஆளுமை வினாத்தாள் 1940களில் வந்தபோது ‘இயல்பானவர்கள்’ என்று ஒப்பீட்டுக்கு எடுத்தது பெரும்பாலும் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நோயாளிகளைப் பார்க்க வந்த உறவினரையும் நண்பர்களையும். கிட்டத்தட்ட எல்லோரும் அந்த வட்டார வெள்ளையர்கள். 1989இல் திருத்தும்வரை உலகம் முழுக்க எத்தனையோ பேரை அவர்களோடுதான் ஒப்பிட்டார்கள்.

தெளிநீர் எழுதியது:

முல்லைக்கொடி, கேட்பதால் பாதகம் வராது, வரவும் கூடாது. சோதனை நடத்தியவரிடமே நேரம் கேளுங்கள், பள்ளி வழியாக வேண்டாம். எந்தச் சோதனை, எந்தப் பதிப்பு, எந்த மொழியில் நடத்தினீர்கள் என்று முதலில் கேளுங்கள். மொத்த எண்ணைவிட உட்பிரிவு மதிப்பெண்கள் முக்கியம். மொழி சார்ந்த பகுதியில் மிகக் குறைவாகவும், கட்டைகளை அடுக்குவது, வடிவங்களை நிறைவு செய்வது போன்ற பகுதியில் நன்றாகவும் இருந்தால், இரண்டையும் கலந்து வந்த ஒற்றை எண்ணுக்கு அநேகமாகப் பொருளே கிடையாது. அன்றாட வேலைகளைப் பிள்ளை எப்படிச் செய்கிறான் என்று உங்களிடம் தனியாக விசாரித்தார்களா என்பதும் பெரிய கேள்வி. அறிவுசார் குறைபாடு என்று சொல்ல அந்த விசாரணை கட்டாயம். அது இல்லாமல் வெறும் மதிப்பெண்ணை வைத்து யாரும் அந்தப் பெயரைச் சூட்ட முடியாது.

பொதுவாக ஒன்று சொல்கிறேன். அமெரிக்க உளவியல் சங்கத்தின் பழைய நெறிமுறையில், சோதனைத் தரவைத் தகுதி இல்லாதவர்களிடம் கொடுக்கக்கூடாது என்பதுதான் வழக்கமாக இருந்தது. 2002இல் அது தலைகீழானது. சோதிக்கப்பட்டவர் கேட்டால் அவருடைய பதில்களையும் மதிப்பெண்களையும் கொடுக்க வேண்டும், பெரிய தீங்கு வரும் என்றாலோ தவறாகப் பயன்படுத்தப்படும் என்றாலோ மட்டும் மறுக்கலாம். கேள்வித்தாளும் கையேடும் தனி, அவை பாதுகாக்கப்பட வேண்டியவை. பதில் உங்களுடையது, கேள்வி எங்களுடையது என்ற இந்தப் பிரிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது.

இன்னும் முன்னே போனவர்களும் இருக்கிறார்கள். ஸ்டீஃபன் ஃபின் வளர்த்தெடுத்த முறையில், சோதனைக்கு முன்பே அந்த நபர் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் கேள்விகளை எழுதுகிறார். கடைசியில் அந்தக் கேள்விகளுக்குத்தான் பதில் தரப்படுகிறது. என் வேலையில் இந்த முறையைப் பின்பற்றத் தொடங்கியபின் மக்கள் சோதனை அறைக்குள் வரும் விதமே மாறிவிட்டது. பயம் குறைந்து ஆர்வம் வருகிறது.

வழித்துணை எழுதியது:

வேலைவாய்ப்புச் சோதனைகளை யாரும் தொடவில்லையே. அமெரிக்காவின் டியூக் பவர் மின் நிறுவனம் கறுப்பினத் தொழிலாளர்களைக் கூலி வேலைப் பிரிவில் மட்டுமே வைத்திருந்தது. பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் மற்ற பிரிவுகளுக்கு இரண்டு பொதுத் திறன் சோதனைகளைக் கொண்டுவந்தது. 1971இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: சோதனை வேலையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். நோக்கம் நல்லதா கெட்டதா என்பதைவிட, விளைவு என்ன என்பதைப் பார்க்க வேண்டும்.

பதினாறு வகை மனிதர்கள் என்று பிரிக்கும் வினாத்தாள்களை வைத்து ஆள் எடுப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1948இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 39 மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை வைத்து, எல்லோருக்கும் ஒரே முடிவைக் கொடுத்தார். பெரும்பகுதி கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டபோது ஐந்துக்குச் சராசரியாக 4.26 போட்டார்கள். ‘அப்படியே என்னைச் சொல்கிறது’ என்ற உணர்வு சோதனையின் தரத்துக்குச் சான்று ஆகாது.

திண்ணைவாசி எழுதியது:

தெளிநீர், பதிலும் மதிப்பெண்ணும் கிடைக்கும், கேள்வி கிடைக்காது என்றால் நான் எப்படி மறுத்துப் பேசுவேன்? 1979இல் டெட்ராய்ட் எடிசன் என்ற மின் நிறுவனத்தின் வழக்கில் தொழிற்சங்கம் இதைத்தான் கேட்டது. பதவி உயர்வுச் சோதனையில் தேறாத தொழிலாளர்களுக்காகக் கேள்விகளையும் விடைத்தாள்களையும் கேட்டது. சோதனையின் ரகசியம் முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது.

அதே 1979இல் நியூயார்க் மாநிலம் கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் கேள்விகளையும் விடைகளையும் தேர்வுக்குப் பின் மாணவர்கள் பார்க்கலாம் என்று சட்டம் போட்டது. தேர்வே செத்துவிடும் என்றார்கள். சாகவில்லை. மறு வருடம் சிகாகோவில் ஒரு வழக்கு, கறுப்பினக் குழந்தைகளுக்கு நுண்ணறிவுச் சோதனை பாகுபாடு காட்டுகிறதா என்று. நீதிபதி கிரேடி நிபுணர்களை நம்பாமல் சோதனைகளின் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தானே படித்து, தீர்ப்பிலேயே அச்சிட்டுவிட்டார். ஒரு சில கேள்விகள்தான் சந்தேகத்துக்குரியவை, சோதனை பரவாயில்லை என்பது அவர் முடிவு. எனக்கு அந்த முடிவில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் யாரோ ஒருவர் திறந்து பார்த்தாரே, அது எனக்கு முக்கியம்.

தெளிநீர் எழுதியது:

நுழைவுத் தேர்வுக்கு ஒவ்வொரு முறையும் புதுக் கேள்விகள் எழுதலாம். குழந்தைகளுக்கான நுண்ணறிவுச் சோதனையைப் புதுப்பிக்கப் பத்து வருடத்துக்கு மேல்கூட ஆகிறது. இரண்டும் ஒன்றில்லை.

மூன்றாம் தரப்பு பார்க்க வேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆஸ்கர் பியூரோஸ் 1938இலேயே வெளியீட்டாளர்களோடு சம்பந்தமில்லாத வல்லுநர்களைக் கொண்டு சோதனைகளுக்கு விமர்சனம் எழுதவைத்து ஆண்டு நூலாகத் தொகுக்கத் தொடங்கினார். அந்த வேலை இன்றும் தொடர்கிறது. அதைப் பெற்றோரும் படிக்கும் எளிய மொழியில் யாராவது தர வேண்டும். ரகசியம் என்பது சில நேரம் வெறும் வணிகம் என்பதையும் மறுக்கமாட்டேன். முதியோரின் மறதியைப் பார்க்க 1975இல் வந்த மினி-மென்டல் கேள்விகளை உலகம் முழுக்க மருத்துவர்கள் இலவசமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 2001க்குப் பிறகு உரிமத்துக்குப் பணம் கேட்டார்கள். அங்கே நோயாளியின் நலன் என்ற காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது.

பழையஏடு எழுதியது:

உரிமை என்றால் இரண்டு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1979இல் கலிஃபோர்னியாவில் நீதிபதி பெக்கம், கறுப்பினக் குழந்தைகளைத் தனி வகுப்புக்கு அனுப்ப நுண்ணறிவுச் சோதனையைப் பயன்படுத்தக்கூடாது என்றார். அந்த வகுப்புகளில் கறுப்பினக் குழந்தைகள் அவர்களின் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவில் குவிந்திருந்தார்கள். 1986இல் தடை எல்லாச் சிறப்புக் கல்வி மதிப்பீடுகளுக்கும் விரிந்தது, பெற்றோர் ஒப்புக்கொண்டாலும் கூடாது என்று. அப்புறம் என்ன ஆயிற்று? தங்கள் பிள்ளையின் கற்றல் குறைபாட்டைத் தெரிந்துகொள்ள அந்தச் சோதனை வேண்டும் என்று கறுப்பினப் பெற்றோர்களே வழக்குப் போட்டார்கள். மற்ற குழந்தைகளுக்குக் கிடைப்பது எங்கள் பிள்ளைக்கு நிறத்தால் மறுக்கப்படுகிறது என்றார்கள். 1992இல் அதே நீதிபதி அந்த விரிவாக்கத்தை விலக்கிக்கொண்டார். ஆக, சோதனையைக் கேட்டுப் பெறும் உரிமையும் மறுக்கும் உரிமையும் பெற்றோரிடமே இருக்க வேண்டும் என்பேன்.

முல்லைக்கொடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேரம் கேட்டு எழுதியிருக்கிறேன். வீட்டு மொழி தெரிந்த ஒருவர் மறுபடி மதிப்பீடு செய்ய முடியுமா என்றும் கேட்கப்போகிறேன். நேர்கோடு சார், நீங்கள் சொன்ன வீச்சு தவிர எண்ணைப் பற்றி வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?

நேர்கோடு எழுதியது:

ஒப்பீட்டுத் தரவு எந்த ஆண்டு திரட்டியது என்று கேளுங்கள். ஜேம்ஸ் ஃப்ளின் 1980களில் காட்டியது இது: தலைமுறைகள் மாற மாற மதிப்பெண்கள் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி உயர்ந்துகொண்டே வந்தன. சில நாடுகளில் இப்போது அது நின்று கீழேயும் போகிறது. எப்படியானாலும் பழைய தரவோடு இன்றைய குழந்தையை ஒப்பிட்டால் எண் சில புள்ளிகள் நகர்ந்துவிடும். ‘எல்லைநிலை’ என்று எழுதிய இடத்தில் அந்தச் சில புள்ளிகளே வகுப்பை மாற்றிவிடும். அதோடு அது எந்த நாட்டுக் குழந்தைகளின் தரவு என்றும் கேளுங்கள். இரண்டும் சோதனைக் கையேட்டிலேயே இருக்கும், அவர் எடுத்துப் பார்த்துச் சொல்ல அதிக நேரம் ஆகாது. சொல்வதை அறிக்கையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.